பெயருக்குப் பின்னால் ஓர் எக்ஸ்

நிர்வாகக் கட்டடத்தின் நிலவறையில்
எட்டுத் தொலைபேசிகள், எட்டு நாற்காலிகள்,
ஆறிப்போன பீட்சா.
மணிக்குப் பதினொரு டாலர் கூலி.
பழைய மாணவர்களை அழைத்துப் பணம் கேட்க வேண்டும்.
முதலில் இருநூற்றைம்பது கேள்.
மறுத்தால் நூறு.
அதற்கும் மறுத்தால்
பட்டம் வாங்கிய ஆண்டு எதுவோ அத்தனை டாலர் என்று சிரி.
கோரீன் எங்களுக்கு மேற்பார்வை. அவள் சொல்வாள்:
கேட்டபின் வாயை மூடிக்கொள்.
முதலில் பேசுகிறவர் தோற்பார்.

பிப்ரவரி. அயோவா.
சோளக்காடுகள் மொட்டையடித்துக் கிடக்கின்றன.
கல்லூரியில் மொத்தம் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்.
யார் யாரோடு பேசுவதில்லை என்பது
சாப்பாட்டுக்கூடத்து சூப்புக்குக்கூடத் தெரியும்.

பட்டியலில் பதினேழாவது பெயர்
வெண்டல் க்ரூஸ், நெப்ராஸ்கா.
அடுத்து ஒரு சின்ன எக்ஸ், அதன்பின் எழுபத்தொன்று.
அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

"நான் அம்ரா, உங்கள் கல்லூரியிலிருந்து..."
"தெரியும். வருஷா வருஷம் வருவீர்கள்,
நாரைகள் வர இரண்டு வாரம் இருக்கும்போது."

தாளில் இருந்தபடி கேட்டேன்:
கல்லூரி நாட்களில் மறக்க முடியாதது எது?
"ரேடியேட்டர்" என்றார்.
"ஃபென்விக் விடுதி, மூன்றாம் மாடி, கோடி அறை.
விடிகாலை நாலு மணிக்கு
உள்ளே யாரையோ அடைத்துவைத்தாற்போல் தட்டும்.
இன்னும் தட்டுகிறதா?"

தட்டுகிறது.
நான் இரண்டாம் மாடி. என் தலைக்கு மேல்தான்.

பிறகு இருநூற்றைம்பது கேட்டேன்.
வாயை மூடிக்கொண்டேன்.
அவரும் மூடிக்கொண்டார்.
மறுமுனையில் காற்று, அல்லது அவர் மூச்சு.

அவர்தான் தோற்றார்.
"நான் படிப்பை முடிக்கவில்லை, அம்மா.
மூன்றாவது செமஸ்டரில் நூற்றுப் பன்னிரண்டு டாலர் பாக்கி.
ஒரு வெள்ளிக்கிழமை, தாவரவியல் வகுப்பின் நடுவே
வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
நுண்ணோக்கியின் கீழ் ஒரு பெரணி இலை இருந்தது.
பேராசிரியர் யெல்ம்ஸ்டாட் அதன் விளக்கை அணைக்கவில்லை,
திரும்பி வருவேன் என்று.

அடுத்து கல்லூரியிலிருந்து வந்த கடிதம்
'அன்புள்ள முன்னாள் மாணவருக்கு' என்று தொடங்கியது.
நான்கு முறை வீடு மாறினேன்.
மனைவி போன முகவரி எனக்குத் தெரியாத காலத்திலும்
என் முகவரி உங்களுக்குத் தெரிந்திருந்தது."

நீ எவ்வளவு கட்டுகிறாய் என்று கேட்டார்.
சொன்னேன்.
"வருஷத்துக்கா?"
செமஸ்டருக்கு.
ஏலத்தில் மாட்டு விலை கேட்டவர்போல் சீழ்க்கையடித்தார்.

"அங்கே ஜன்னல் இருக்கிறதா? என்ன தெரிகிறது?"

நிலவறை ஜன்னலில் கால்கள் மட்டும் தெரியும்.
பனியில் ஒரு ஜோடி ஆரஞ்சு பூட்ஸ்.
கிரேக்கம் கற்பிக்கும் டாக்டர் ப்ராக்ஸ்டன்.
மூன்றே மாணவர்கள்; அடுத்த ஆண்டு அந்தத் துறையே இல்லை.
கறக் கறக்கென்று ஓசை.
நூலக அட்டையால் கார்க் கண்ணாடியைச் சுரண்டுகிறார்,
வேறெதாலும் அவர் சுரண்டிப் பார்த்ததில்லை.

அப்படியே சொன்னேன்.
இருமல் வரும்வரை சிரித்தார்.
"இதைத்தான் கேட்கிறேன், வருஷா வருஷம்.
எல்லோரும் புது நீச்சல் குளத்தைப் பற்றியே சொல்கிறார்கள்."

திரையில் கட்டங்கள்:
தருவார், மறுத்தார், எண் தவறு,
இறந்துவிட்டார், மீண்டும் அழைக்க.
என் தோளுக்கு மேல் கோரீன் எட்டிப் பார்த்தாள்.
"எக்ஸ் என்றால் முடிக்காதவர்.
அவர்களிடம் மினக்கெடாதே."

என் கோட்டுப் பையில் நான்காய் மடித்த காகிதம்.
கட்டண அலுவலகம், இறுதி நினைவூட்டல்,
வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள்.
வாட்டர்லூவின் இறைச்சி ஆலையில்
அப்பா இரவுப் பணிக்குக் கையுறை மாட்டும் நேரம்.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மீண்டும் அழைக்க என்பதை அழுத்தினேன்.
குறிப்புக்கென்று விட்ட இடத்தில் எழுதினேன்:
ரேடியேட்டரைப் பற்றிக் கேட்பார்.
ஜன்னலைப் பற்றியும்.
அடுத்த பிப்ரவரியில் இந்த நாற்காலியில் யார் இருந்தாலும்
பார்த்துச் சொல்லவும்.

பிறகு பதினெட்டாவது எண்.
பீட்சாவை யாரோ முடித்துவிட்டிருந்தார்கள்.