டிக்கெட் எடுக்காதவன்

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்தான்.
அதில் முப்பத்தொரு வருஷம்
போய்ப் போய்த் திரும்பி வந்தாள் அம்மா.
ஊரைவிட்டு ஓடிப்போக
உதவாத வேலை என்று சிரிப்பாள்.

மார்பில் கட்டி என்று தெரிந்த அன்றும்
மாலை ஷிப்டுக்குப் போனாள்.
இரவு பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"டிக்கெட் எடுக்காமல் ஒருத்தன் ஏறிவிட்டான், ரூட்டா.
இறங்கச் சொல்லிப் பார்ப்போம்.
இறங்காவிட்டால்
அவனுக்காக வண்டியை நிறுத்திவைக்க முடியுமா?
மற்றவர்கள் வீடு போய்ச் சேர வேண்டாமா?"

அவன் இறங்கவில்லை.
ஒன்பது வருஷம்.
இரண்டு முறை இறங்கியதுபோல் போக்குக் காட்டிவிட்டுப்
பின்கதவு வழியாக ஏறிக்கொண்டான்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரீகாவுக்கு பஸ்.
வாந்தி வந்தால் பிடிக்க
என் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.
அவள் கண்ணோ ஓட்டுநரின் காலில்.
"மிதிக்கிறான் பார்.
பிரேக்கை மிதிக்கக் கூடாது.
தூங்குகிற பூனையைத் தொடுவதுபோல்
தொட வேண்டும்."
நரம்பில் மருந்து ஏறும்போது
நர்ஸுக்கும் அதே பாடம்.
போர்வைக்கு வெளியே பாதத்தை நீட்டிச்
செய்தே காட்டினாள்.

முடி கொட்டியபோது விக் வாங்கிக் கொடுத்தேன்,
என் ஒரு மாதச் சம்பளம்.
இரண்டு நாள் அவள் தலையில்.
மூன்றாம் நாள் முற்றத்துப் பனிமனிதன் தலையில்.
பைபாவுக்கு அப்போது நான்கு வயது,
ஓமாதான் செய்யச் சொன்னாள் என்றாள்.
எங்கள் ஊர்க் காற்று சும்மா இருக்குமா?
தெருக்கோடி வரை துரத்தினோம் மூவரும்.
முன்னால் ஓடியவள்
மொட்டைத் தலையோடு அம்மா.

சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது என்றால் பொய்.
ஒரு பிப்ரவரியில்
சூப் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தாள்.
பீட்ரூட் கறை இன்னும் இருக்கிறது,
காலண்டருக்குப் பின்னால்.
இரவு என் அறைக்கு வெளியே நின்று
கதவிடம் மன்னிப்புக் கேட்டாள்.
தூங்குவதுபோல் கிடந்தேன்.
எழுந்து திறந்திருக்கலாம்.
நான்கே அடி.

கடைசி மார்ச்சில்
பிர்ச் மரத்தில் துளை போட்டு
நீர் வடித்து ஜாடியில் அடைத்தோம்.
நான் துளைத்தேன், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து
தப்பு தப்பு என்றாள்.
திராட்சை போட்டு மூடி, சீட்டு ஒட்டினாள்:
"பைபாவுக்கு. ஜூன் வரை தாங்கும்."
தன்னைப் பற்றி
எதுவும் எழுதவில்லை.
ஏப்ரல் பத்தொன்பது.
ஜாடியை ஆகஸ்டில்தான் திறந்தோம்,
புளித்திருந்தது,
மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

அடக்கத்தில் பேசியவர்
வீரத்தோடு போராடினார் என்றார்.
மூன்றாம் வரிசையில் ஸ்கைட்ரிடே,
அந்தக் காலத்துக் கண்டக்டர்,
மூக்கைச் சிந்திவிட்டு
எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:
"போராடினாளா? வெல்டாவா?
வண்டி ஓட்டினாள்."

இன்று அம்மாவின் பெயர் நாள்.
எங்கள் வழக்கத்தில்
போனவர்களுக்கு இரட்டைப்படையில் பூ,
இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்.
ஆறு டூலிப் என்றேன் கடைக்காரியிடம்.
ஏழு என்றாள் பைபா.
பன்னிரண்டு வயது, அம்மாவின் அதே தாடை.
கடைக்காரி என்னைப் பார்த்தாள்.
ஏழுக்குப் பணம் கொடுத்தேன்.

டிராமில் புது ஓட்டுநர்,
முகப்பரு இன்னும் ஆறாத பையன்.
சந்தைத் திருப்பத்தில் ஓங்கி மிதித்தான்.
பூக்கள் என் மடியிலிருந்து சரிய,
பைபாவும் நானும் ஒரே குரலில்
"மிதிக்காதே!"
கண்ணாடியில் அவன் முகம் சிவந்தது.

அடுத்த நிறுத்தத்தில்
வண்டி நின்றதே தெரியவில்லை.

இறங்கும்போது பைபா
அவன் பக்கம் குனிந்து ஏதோ வைத்தாள்.
கல்லறை வரை நடந்தோம்.
நான் எண்ணிப் பார்க்கவில்லை.