ப்ச்

பிழை விட்டால் அது ஒன்றும் சொல்வதில்லை.
மெல்லிய மஞ்சளில் ஒருமுறை துடித்து
கோட்டைத் திரும்பவும் நீட்டுகிறது,
பூச்சியத்திலிருந்து.

பள்ளிக்கூடம் கொடுத்துவிட்ட ரப்லெட்.
மூலையில் ஒரு வெடிப்பு.
முதுகில் கொவால்ச்சுக் ரீச்சர் ஒட்டிய பன்னிரண்டாம் இலக்கம்.
எட்மன்ரனில் இரவு எட்டு மணி,
வெளியே மைனஸ் இருபத்தேழு.
கார் மின்வயரில் செருகிக் கிடக்கிறது
சேலைன் ஏற்றிய நோயாளி மாதிரி.
பகல் முழுக்க ரயர் மாற்றிய கையைக் கழுவுகிறேன்.
நுரை கறுப்பாகப் போகிறது.

சாம்பவி கேட்கிறாள்:
"மைனஸ் அஞ்சை விட மைனஸ் இருபத்தேழுதானே பெரிசு?
அதுக்குத்தானே குளிர் கூட?"

போன பனிக்காலம் என்றால்
என் வாயிலிருந்து அது வந்திருக்கும்.
நாக்கு பல்லில் ஒட்டிப் பிரிகிற
அந்தச் சின்னச் சத்தம்.
எழுதினால் இரண்டே எழுத்து,
இரண்டுக்கும் உயிர் இல்லை.
அதன்பிறகு அவள் பென்சில் ஒரு விடையும் எழுதாது.
அழிறப்பர்தான் தாளைத் தின்னும்,
ஓட்டை விழும்வரை.

இந்தப் பெட்டிக்கு நாக்கில்லை.
படுத்திருந்த கோட்டை நிமிர்த்தி
வெப்பமானியாக்கிக் காட்டுகிறது.
விரலால் இழுத்துக்கொண்டு இறங்குகிறாள்,
பூச்சியத்துக்குக் கீழே, ஐந்து, பத்து,
நிலவறைப் படியில் இறங்குவதுபோல் ஒவ்வொன்றாக.
காதுப் படத்தைத் தொட்டால்
ஒரு பெண்குரல் கேள்வியை மறுபடி வாசிக்கிறது.
பதினொரு தரம் வாசித்தது.
பதினோராம் தரமும் முதல் தரத்துக் குரல்தான்.
நான் எண்ணினேன்.
எண்ணுவதில் நான் கெட்டிக்காரன்.

"அப்பா, குளிர் கூடக் கூட எண் கீழ போகுது.
அப்ப அது பெரிசு இல்ல.
எங்கட கடன் மாதிரி."

எங்கட கடன்.
மேசையில் கிடந்த வங்கிக் கடிதத்தை
ஈரக் கையாலேயே கவிழ்த்து வைத்தேன்.

திரை பச்சையாகிறது.
கைதட்டும் ஒலியை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள்.
பாராட்டினாலும் அது சத்தம்தானாம்.

அடுத்த கேள்வி.
இழுக்கிறாள், யோசிக்கிறாள், விடுகிறாள்.
மஞ்சள்.

உடனே திரும்பிப் பார்க்கிறாள்,
என் கண்ணை அல்ல,
வாயை.