முந்நூற்று இருபது மைக்ரான்

சூளகிரி தாண்டி, ஹைவேயை ஒட்டிய எங்கள் யார்டில்
ஒரு மண்டபம் எழுந்தது.
எட்டு மூலை, எட்டுத் தூண்,
உச்சியில் காற்றுத் திசை சொல்ல ஒரு செப்பு மீன்.
எங்கோ ஒரு படகுத்துறையின் நுனியில்
ராட்டினமும் ஐஸ்கிரீம் கடையும் சூழ நிற்கப்போவது
இங்கே செம்மண்ணில் ஒரு வாரம் ஒத்திகை.
கடல், லாரிக்கு ஓர் இரவுத் தூரம்.

"அலை எவ்ளோ உசரம் வரும் மேடம்?"
வெல்டர் திம்மராயன் கேட்டான்.
வரைபடத்தில் நீலமாக ஒரு கோடு. அளந்தேன்.
"உன் இடுப்புக்கு."
குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டான்.

காசு போட்டால் திறக்கும் தொலைநோக்கியும் வந்திருந்தது.
சல்மா ஐந்து ரூபாய் போட்டாள்.
பாதி அறுத்த கிரானைட் குன்று,
குன்றின் மேல் பொக்லைன்.
"கப்பல் தெரியுதாடி?"
"தெரியுது. தக்காளி ஏத்திக்கிட்டு டோல்கேட்ல நிக்குது."

என் வேலை பெயின்ட்டின் கனம் அளப்பது.
தீப்பெட்டி அளவுக் கருவி,
இரும்பில் வைத்தால் எண் சொல்லும்.
முந்நூற்று இருபது வேண்டும்.
ஆட்கள் சாய்ந்து போட்டோ எடுக்கும் கைப்பிடியில்
கொஞ்சம் குறைந்தாலும் போகட்டும், என்றார்
கடலூரிலிருந்து வந்த இன்ஜினீயர்.
"உப்பு படியேறி வராதும்மா. அடியிலிருந்து தின்னும்."

அதனால் மேடைக்கு அடியில் மல்லாந்து ஊர்ந்தேன்.
முந்நூற்று முப்பது. முந்நூற்று இருபத்தைந்து.
கோட்டுப் பாக்கெட்டில் செம்மண்.
நான்காம் தூணின் அடியில்
ஈரத்தில் பதிந்து காய்ந்த ஒரு கட்டைவிரல்:
நூற்றுத் தொண்ணூறு.

யாருடையது என்று தெரியும்.
ரேகையின் குறுக்கே அந்த வெல்டிங் தழும்பு.
சுழி சுழியாக, நடுவில் ஒரு வெட்டு.
அழகாக இருந்தது என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
சாக்பீஸால் வட்டம் போட்டேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
உப்புக்கு முந்தி உப்புத்தாள் தேய்த்தது.
இரண்டு நாள் கழித்து வைத்தேன்: முந்நூற்று நாற்பது.
அந்தத் தூணில் மட்டும் எண்ணை இரண்டு முறை எழுதியிருக்கிறேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது.

சனிக்கிழமை ராத்திரி பிரித்து ஏற்றினார்கள்.
மீனைக் கோணியில் சுற்றி
டிரைவர் பக்கத்து சீட்டில் வைத்தான் கிளீனர்.

மறுநாள் உச்சி வெயிலில் ஆடுகள் வந்தன,
ஒரு வாரமாக நிழல் இருந்த இடத்துக்கு.
கொஞ்ச நேரம் நின்றன.
அப்புறம் லேத் ஷெட் பக்கம் போய்விட்டன.