மேற்படி

திங்கட்கிழமை என்றால்
ஆட்சியர் அலுவலக வாசலில் எனக்கு முப்பது மனு.
பட்டா, விதவைப் பென்ஷன், வாய்க்காலை மறித்த வேலி,
நகையோடு ஓடிப்போன மருமகன்.
எல்லாருக்கும் என்னிடம் ஒரே வாய்தான்.
'மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்' என்று திறந்து
'ஆவன செய்யுமாறு பணிவன்புடன்' என்று
முட்டிபோட்டு மூடும் வாய்.

ஐந்தரைக்குக் கார்பன் தாளை மடித்து வைத்துவிட்டு
தேங்காயெண்ணெயில் விரல் மையைத் துடைத்துக்கொண்டு
மஞ்சக்குப்பத்து மாலைக் கல்லூரிக்குப் போவேன்.
முதல் பருவம், தாள் நான்கு: எழுதப் பழகுதல்.
முப்பத்தொன்பது வயதில் கடைசி பெஞ்சு.
பக்கத்தில் ராசாப்பேட்டைப் புகழ்மாறன்,
சட்டையில் டீசல், நோட்டில் மீன் செதில்.

ஜுனைதா மேடம் பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார்.
என்னைவிடப் பத்து வயது சின்னவர்.
முதல் நாளே சொல்லிவிட்டார்:
"நான் திருத்த மாட்டேன், கேள்விதான் கேட்பேன்.
அதுவும் பென்சிலில்.
பிடிக்கலைன்னா நீங்களே அழிச்சுக்கலாம்."

காலையில் பார்த்த ஒன்றை எழுதச் சொன்னார்.
எழுதினேன்:
'ஐயா, வணக்கம்.
தில்லைக்கரசி, க/பெ பாவாடைராயன் ஆகிய நான்
இன்று காலை சுமார் 6.40 மணியளவில்
கெடிலம் பாலத்தைக் கடக்கும்போது
மேற்படி ஆற்றில் தண்ணீர் இல்லை.
மேற்படி மணலில் ஒரு நாய்
மேற்படி தண்ணீரைத் தோண்டிக்கொண்டிருந்தது என்பதைத்
தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.'

வகுப்பு சிரித்தது. நானும்தான்.
மேடமும் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு ஸாரி சொல்லிவிட்டு,
இன்னொரு முறை படித்தார், மெதுவாக.
இந்த முறை நாய் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.
ஓரத்தில் பென்சில்:
'நாய் என்ன நிறம்?
அந்த ஐயா யார்?'

நாய் செவலை. வலது காது கிழிந்திருந்தது.
ஐயாவைத்தான் தெரியவில்லை.
இருபது வருடமாக அவருக்குத்தான் எழுதுகிறேன்.
யோசித்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததில்
இறங்கவேண்டிய ஸ்டாப் போய்விட்டது.

புகழ்மாறன்
ஐஸ் பெட்டியை அப்பா இறக்கும்போது பேசுகிற வசவை
ஒன்று விடாமல் எழுதி வந்தான்.
மேடம் ஒன்றையும் நீக்கவில்லை.
இரண்டு கெட்ட வார்த்தைக்கு நடுவில்
ஒற்று மிகும் என்றார்.
அன்று மட்டும் திருத்தினார்.

சிப்காட் பக்கம் காற்று திரும்பிய ஒரு நாள்
ஜன்னலைச் சாத்தப் போனவனை நிறுத்தி
இந்த நாற்றத்துக்கு ஒரு பேர் வையுங்கள் என்றார்.
அழுகின முட்டை, அழுகின முட்டை, அழுகின முட்டை.
'பதில் வராத மனு' என்று எழுதினேன்.
அழகாக இருந்தது. பொய்யாகவும் இருந்தது.
அடித்துவிட்டு
'தீக்குச்சி சுட்ட விரல்' என்று எழுதினேன்.

அடுத்த திங்கள்
ஆலப்பாக்கத்திலிருந்து ஒருத்தி தெருவிளக்கு கேட்டு வந்தாள்.
"விளக்கு இல்லாம என்ன ஆவுது?" என்றேன்.
இதை நான் யாரிடமும் கேட்டதில்லை.
கால் மணி நேரம் பேசினாள்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
'என் மகள் டியூஷன் முடிந்து
பயத்தில் பாடிக்கொண்டே வருகிறாள்.
பாட்டு நின்றால் நான் ஓடுகிறேன்' என்று எழுதினேன்.
அதற்கும் அதே முப்பது ரூபாய்தான்.
விளக்கு வந்ததா, தெரியாது.

கடைசி வகுப்பில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்.
இரண்டு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தேன்:
'மேற்படி வகுப்பை
அடுத்த பருவத்துக்கும் நீட்டித்து உத்தரவிட வேண்டும்.
மனுதாரருக்கு இப்போதுதான்
நாயின் நிறம் தெரியத் தொடங்கியிருக்கிறது.'

சீல் இல்லை அவரிடம்.
பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்,
கொஞ்சம் கோணலாக.
உள்ளே 'பெறப்பட்டது' என்று எழுதி
தேதி போட்டுத் தந்தார்.

பென்சில்தானே, அழிந்துவிடும்.
தொழில் புத்தி,
வெளியே வந்ததும்
இரண்டு நகல் எடுத்துக்கொண்டேன்.