எப்படி ஓட்டுறே?

ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தேன்.
செந்தூல் மாமாக் கடையில்
ஈர மேசையில் டிஷ்யூ விரித்து, மேலே போனை வைத்து,
பதிவை அழுத்திவிட்டுக் கேட்டேன்:
எப்படி ஓட்டுறே?

சர்வேந்திரன் வெளியே நின்ற மைவியைக் காட்டினான்.
"இதைத்தான்.
காலையில ஆறுலேருந்து பதினொண்ணு,
சாயங்காலம் நாலுலேருந்து மழை விடுற வரைக்கும்.
பேஸ் கித்தார் பின்சீட்டுல படுத்திருந்தா
மூணு பேரு ஏற முடியாது.
ஒரு மாசத்துக்கு அது எத்தனை வெள்ளியத் தின்னுதுன்னு
எழுதி வச்சிருக்கேன்.
ஆனா பூட்டுல போட மாட்டேன்.
பூட்டுல வெக்கை. கழுத்து வளைஞ்சிரும்."
நான் கேட்டது அதை இல்லை என்று
சொல்லத் தோன்றவில்லை.

யோகமலர் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:
"பாட்டுக்கென்ன, அது பாட்டுக்கு வருது.
வாடகையும் வருது, ஒண்ணாந்தேதி, தாளம் தப்பாம."
கிள்ளானில் கல்யாண டின்னர்களில்
கோழி பரிமாறும் நேரம் அவளுடையது.
மூன்று பாட்டு, மூன்றும் படப் பாட்டு.
நாலாவதாக, தட்டுகள் எடுக்கிற சத்தத்துக்குள்
நாங்கள் போட்ட ஒன்றை நுழைத்துவிடுவாள்.
யாராவது ஒரு சித்தப்பா எழுந்து வந்து
எந்தப் படம்மா இது என்று கேட்பார்.
"இன்னும் வெளிவரலை, அங்கிள்."

எங்கள் ஒலியைச் சேர்த்துத் தருகிற கியோங்குக்குத்
தமிழில் இரண்டு வாக்கியம் தெரியும்:
இன்னொரு தடவை.
காசு அடுத்த வாரம்.
இரண்டையும் எங்களிடமிருந்துதான் கற்றான்.
காண்டோ விளம்பரங்களுக்குப் பறவைச் சத்தம் செய்து கொடுக்கிறான்.
அந்தப் பறவைகள்தான் எங்கள் பாக்கியைச் சுமக்கின்றன
என்று மலாயில் சொல்லிவிட்டு
ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும்.
ஆறு மாதத்தில், உலகம் முழுக்க,
நாலு வெள்ளி எழுபது காசு.
பாட்டு சோறு போடுமா என்று கேட்பார் மாமா.
போட்டது.
இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே ஓ.
குழம்பு இலவசம்.

ஞானப்பிரியனைப் பார்க்க ரயிலேறி
போர்ட் கிள்ளான் போனேன்.
கண்டெய்னர் கம்பெனியில் மேசை, நாற்காலி, இ.பி.எப்.
டிரம்ஸை ரவாங் சர்ச் ஒன்றுக்கு விற்றுவிட்டான்.
நல்ல விலை, என்றான்.
வீட்டுக் கடன் பாரத்தில்
தொழில் என்ற கட்டத்தை
முதல் தடவையாக யோசிக்காமல் நிரப்பினேன், என்றான்.
நல்லாத் தூங்குறேன், என்றான்.
அவன் முகத்தில் எதையோ தேடினேன்.
விரல் மேசையைத் தட்டுகிறதா என்றுகூடப் பார்த்தேன்.
தட்டவில்லை.
மகளுக்கு நீச்சல் வகுப்பு ஐந்து மணிக்கு.
எழுந்து கை கொடுத்தான்.
பதிவு பதினோரு நிமிடம்.
நான் இரண்டு முறை கேட்டேன்.
மற்றவர்களுக்கு அனுப்பவில்லை.

வியாழன், இரவு பத்து மணி,
ஜாலான் ஈப்போ டயர் கடை மாடி.
அறைக்கு மணிக்கு முப்பது வெள்ளி.
அவன் இருந்தவரை ஆளுக்கு ஏழரை.
இப்போது மூன்று பேர், சரியாகப் பத்து.
"ஏழரை விலகிருச்சு" என்றாள் யோகமலர்.
யாரும் சிரிக்கவில்லை.
அப்புறம் சர்வேந்திரன்தான் ஆரம்பித்தான்,
அடக்க முடியாமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து.

திரும்பும்போது கொட்டுகிற மழை.
வலது பக்கம் வளைய சிக்னல் போட்டான்.
டிக், டக். டிக், டக்.
பின்சீட்டில், கித்தாரோடு நெருக்கியடித்து,
யோகமலர் அதன் மேல் எதையோ முனக ஆரம்பித்தாள்.
சொல் இல்லை. முதல் வரி மாதிரி.
நான் போனை எடுத்துப் பதிவை அழுத்தினேன்.
பச்சை விழுந்தது, வளைந்தோம்,
நேர்ச் சாலை வந்துவிட்டது.
சர்வேந்திரன் சிக்னலை அணைக்கவில்லை.
பின்னால் ஒரு லோரி
விடாமல் ஹார்ன் அடிக்கிறது.
அதுவும் பதிவாகியிருக்கிறது.