அறுபது சொற்களுக்குள்

செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு. ஃப்லிசிங்கன் துறைமுகம்.
அருங்காட்சியகத்தின் பின்கட்டில்
பதினெட்டு பாகைக்கு மேல் ஏறாத அறை.
வந்தவர்கள் ஏழு பேர். குறிப்பெடுக்க நான்.

நுரைப்பஞ்சின் மேல் ஒரு வெள்ளிக் காபிக் கூஜா,
மூன்று கால், அன்னத்தின் கழுத்தாய் வளைந்த மூக்கு.
பழைய சீட்டில்: 'கேசல் குடும்பத்தின் நன்கொடை.
நேர்த்தியான வேலைப்பாடு.'
அதில் வேலை தெரிகிறது.
பாடு யாருடையது என்று போடவில்லை.

காப்பாட்சியர் வில்லமைன் கையுறைகளை நீட்டினார்.
ஹெர்மினா லாசெக் வாங்கவில்லை.
இரவுப்பணி முடிந்து நேராக வந்தவர்,
விரல்களில் மருத்துவமனைச் சலவையின் வாடை.
கேசலைக் கடைசி எழுத்திலிருந்து படித்தால் லாசெக்.
விடுதலையன்று சுரினாமில்
பெயருக்காக வரிசையில் நின்றவனுக்கு
எசமானின் பெயரையே திருப்பிப் போட்டுக் கொடுத்தான் ஓர் எழுத்தன்,
சட்டையை உள்வெளியாக மாட்டிவிடுவதுபோல.
தையல் இன்னும் வெளியே தெரிகிறது.

புதிய சீட்டுக்கு அறுபது சொல்.
அதற்கு மேல் யாரும் நின்று படிப்பதில்லையாம்.
'அடிமைகள்' என்றார் மாலுமியாயிருந்த யோப்.
'அடிமைப்படுத்தப்பட்டோர்' என்றான் ருவெல்.
நீளமாயிருக்கிறதே.
அவர்களுக்கும் நீளமாய்த்தான் இருந்தது.

தோட்டக் கணக்கேட்டின் நகல் கைமாறி வந்தது:
கோவேறு கழுதை நான்கு,
செப்புக் கொப்பரை இரண்டு, ஒன்று ஓட்டை.
அடுத்த வரியில்
அஃபீபா. இடக்கை இல்லை. மதிப்பு: ஒன்றுமில்லை.
கொஞ்ச நேரம் தாள் யாரிடமும் நகரவில்லை.

அப்போதுதான் ஹெர்மினா கேட்டார்:
'இந்த வேலைக்குக் கூலி உண்டா?'

வில்லமைன் கோப்பைப் புரட்டினார்.
ரயில் கட்டணம் உண்டு. மதியத்துக்கு ரொட்டி.
நன்றிப் பலகையில் பெயர்.
சொல்லிக்கொண்டே வந்தவருக்குக்
காதுவரை சிவந்துவிட்டது.
எங்கள் முன்னால் காபி ஆறியிருந்தது.

'மணிக்கு இவ்வளவு என்று எழுதுங்கள்'
என்றார் ஹெர்மினா, என்னைப் பார்த்து.
எழுதினேன்.
அது நிதிக்குழுவுக்குப் போனது, விளக்கம் கேட்டு வந்தது,
மறுபடி போனது. மார்ச் வரை
ஏழு நாற்காலியும் காலி.
கூஜா பெட்டிக்குள்.

ஏப்ரலில் வந்தார்கள். சம்பளச் சீட்டில் கையெழுத்திட்டார்கள்.
அஃபீபாவில் தொடங்கி
ஐம்பத்தெட்டில் முடித்தோம்.
மீதி இரண்டு சொல்லை
இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கிளம்பும்போது ஹெர்மினா
வெறுங்கையால் கூஜாவைத் தூக்கினார்.
யாரும் தடுக்கவில்லை.
மேலும் கீழுமாக ஒருமுறை எடைபார்த்துவிட்டு
'இவ்வளவுதானா கனம்' என்றார்.

அதையும் குறித்துக்கொண்டேன்.