விருப்ப வரிசை

டாராட், லாவுட், உடாரா.
தரை, கடல், வான்.
மூன்று கட்டம், மூன்றிலும் எண் போட வேண்டுமாம்,
எது முதலில் பிடிக்கும், எது கடைசியில் என்று.
பேனா மூடியைக் கடித்தே
ஒரு வாரம் போய்விட்டது.

விமானப்படைக்குப் போ என்கிறாள் அம்மா.
முகாம் நம்ம பாகான் அஜாமுக்குப் பின்னாடிதானே,
மத்தியானம் வந்து சாப்பிட்டுப் போகலாம்.
கூரைக்கு மேல் ஜெட் கிழித்துக்கொண்டு போகும்போதெல்லாம்
டிவி சத்தத்தைக் கூட்டுகிற அதே கையால்
எனக்குத் தட்டு வைத்துவிட்டாள்
இப்போதே.

ஹேமாவதி சொன்னாள்:
"கடற்படைச் சட்டை வெள்ளை. உனக்கு எடுக்கும்."
வேறு காரணம் கேட்டேன்.
"துவைக்கப் போறது நீதானே, எனக்கென்ன?"

சரி, இனி ஆளைக் கேட்பதில்லை.
உடம்பைக் கேட்போம்.

சனிக்கிழமை, தம்பியின் பள்ளிப் பையில்
பத்து கிலோ அரிசி.
செரோக் தோக் குன் மலைப்பாதை.
பாதி ஏறுவதற்குள்
என் மூச்சு எனக்கு முன்னால் ஓடியது.
அதன்பிறகு ஒரு அதிசயம்:
நடக்க நடக்க முதுகு லேசானது.
எனக்குள் ஒரு சிப்பாய் இருக்கிறாள் என்றே நம்பினேன்,
திரும்பிப் பார்க்கும் வரை.
வந்த வழியெல்லாம் வெள்ளைக் கோடு.
கோட்டின் மேல் வரிசை குலையாமல் குரங்குகள்,
கையும் வாயுமாக.
எதிரி என்னைத் தேடவே வேண்டாம்.

அரிசி எங்கே என்றாள் அம்மா.
மலைக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.
நேர்த்திக்கடன் என்று நினைத்து
மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு, ஃபெரி.
பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு, தீவிலிருந்து இங்கே,
இறங்கி ஏறி, இறங்கி ஏறி.
நான்காம் தடவை
கயிறு கட்டுகிற பாக்சிக் பக்கத்தில் வந்து நின்றார்.
"அடிக், வீட்டில் சண்டையா?"
இல்லை, வாந்தி வருகிறதா என்று பார்க்கிறேன் என்றேன்.
தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இங்கே வராது. இது கடல் இல்லை, கால்வாய்."
சட்டைப் பையிலிருந்து ஜாதிக்காய் ஊறல் ஒரு துண்டு கொடுத்தார்.
நம்பியது போலத்தான் தலையாட்டினார்.
ஆனாலும் ஆறாவது தடவை முடியும் வரை
என் கைக்கு எட்டும் தூரத்திலேயே
துடைத்த கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வானத்துக்கு எங்கே போவது?
ஹேமாவதி வீடு பதினேழாம் மாடி.
ஈரத் துணிகளை விலக்கி எட்டிப் பார்த்தேன்.
தலை சுற்றவில்லை.
முழங்கால் நடுங்கவில்லை.
கார்கள் தீப்பெட்டி, மரங்கள் கொத்தமல்லி,
லாரியை நிறுத்திவிட்டு ஒருவர் நடந்து போகிறார்,
இடது காலைக் கொஞ்சம் இழுத்து.
அப்பா.
எறும்பாகத் தெரிந்திருக்க வேண்டிய உயரம்.
அப்பாவாகவே தெரிந்தார்.
அவ்வளவு மேலிருந்தும்
ஆள் யாரென்று தெரிகிறது.
அப்போதுதான் கம்பியைப் பிடித்தேன்.

பல் எத்தனை, பார்வை எவ்வளவு,
எப்போதாவது எலும்பு முறிந்ததா,
எல்லாம் கேட்கிறது பாரம்.
இதைக் கேட்கவில்லை.

உடாராவுக்கு மூன்று. அதில் தயக்கமில்லை.
மற்ற இரண்டையும் பென்சிலில் போட்டு அழித்து
போட்டு அழித்து
லாவுட் கட்டத்தில் தாள் தேய்ந்து
அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.
பேனாவை வைத்தால் கிழியும்.
ஒன்று போட்டேன்.
கிழியவில்லை.

பதினெட்டு ஆகப் பதினொரு நாள் பாக்கி,
அதனால் அப்பா கையெழுத்து வேண்டும்.
இரவு ஓட்டம் முடிந்து டீசல் வாசத்தோடு வந்தவர்
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
முழுப் பெயரையும் எழுதினார்,
சிங்காரம் த/பெ வைரக்கண்ணு,
பள்ளிக்கூடப் பையனைப் போல, கோட்டுக்கு மேலேயே.
கட்டங்கள் பக்கம் கண் போகவில்லை.
போகாமல் பார்த்துக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

கேட்டது ஒன்றுதான்:
"தேர்வு அன்னிக்கு
எத்தனை மணிக்கு எழுப்பணும்?"